யூனிக்ஸ் முனையமும் பெயர்த்து நடும் கலையும்



இன்றைய பேச்சை ஒரு சிறு புதிரோடு தொடங்குதல் பொருத்தமாகும். ஒருவர் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இயங்கும் கணினியில் ஒரு சிறிய செய்நிரலை எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "தொடர்வதற்கு ஏதேனும் ஒரு சாவியை அழுத்துக" என்று திரையில் அறிவித்துவிட்டு, எழுத்துச் சாவி ஒன்று அழுத்தப்பட்டவுடன் மேற்செல்வதே அதன் வேலை. அது குறைவின்றி நடைபெறுகின்றது. பின்னர் அவர் அந்நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாது, சொலாரிஸ் என்னும் மற்றொரு முறைமைக்கு அதனைக் கொண்டு செல்கின்றார். தொகுப்பான் எக்குறையும் கூறவில்லை. செய்நிரலும் தொடங்குகின்றது. ஆனால் ஒரு சாவியை அழுத்தினால் அசைவில்லை, இரண்டாவதற்கும் இல்லை, மூன்றாவதற்கும் இல்லை. நான்காவது சாவியை அழுத்திய பின்னரே அது விழித்துக்கொள்கின்றது.

இரண்டு முறைமைகளும் யூனிக்ஸ் என்னும் ஒரே மரபைச் சார்ந்தவை. நிரலோ ஒன்று. அவ்வாறிருக்க இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? மூன்றன்று, ஐந்தன்று, சரியாக நான்கு ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முனையம் என்பது மனிதனும் கணினியும் சந்திக்கும் இடம். ஒருபுறம் சாவிப்பலகை, மறுபுறம் எழுத்துத் தோன்றும் பரப்பு. 1969ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் யூனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கியபோது, முனையமாகப் பயன்பட்டது தொலைத்தட்டச்சுப்பொறியாகும். அக்காலத்தில் பெருவழக்காயிருந்த 33ஆம் இலக்கப் பொறி, 1963இல் வெளிவந்தது. அது செக்கனுக்கு 10 எழுத்துகளைக் கடதாசியில் அடித்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டுமே அது அறியும். அச்சிட்டதை அழிக்கவும் அதனால் இயலாது.

ஆகவே பிழையாக அடித்த எழுத்தை நீக்க விரும்புவோர், எண்குறியை அதன்பின் அடித்தனர். "முந்திய எழுத்தைக் கணக்கில் எடாதே" என்பது அதன் பொருள். வரி முழுவதையும் தள்ளிவிட, இன்று மின்னஞ்சல் முகவரியில் இடம்பெறும் 'அற்' குறியை அடித்தனர். வரியின் முடிவில் அச்சுத்தலை இடப்பக்கம் மீள்வதற்கு ஓர் எழுத்தை அடிக்கும் நேரத்திலும் கூடுதலான நேரம் வேண்டியிருந்தமையின், கணினி சிறிது தாமதிக்கவும் வேண்டியிருந்தது. இத்தகைய பொறுப்புகள் யாவற்றையும் ஏற்று நடத்துவதற்கு யூனிக்ஸின் கருப்பகுதியில் ஒரு சிறு நிரல் அமைக்கப்பட்டது. தொலைத்தட்டச்சுப்பொறிகள் மறைந்து நெடுங்காலம் ஆயினும், முனையத்துக்கு யூனிக்ஸ் வழங்கும் 'டி.டி.வை.' என்னும் குறும்பெயர் அவற்றின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாகவே இன்றும் நிலைத்துள்ளது.

இச்சிறு நிரல் இரண்டு வகையாகத் தொழிற்படும். முதலாவது, வரி முழுவதும் முடியும்வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்திருந்து, திருத்தங்களைச் செய்து, பின்னர் செய்நிரலிடம் ஒப்படைப்பது. இரண்டாவது, வருகின்ற எழுத்துகளைத் திருத்தம் எதுவுமின்றி வந்தவாறே ஒப்படைப்பது. முதலாவதைச் 'சமைத்த நிலை' என்றும், இரண்டாவதைப் 'பச்சை நிலை' என்றும் யூனிக்ஸ் வல்லுநர் வேடிக்கையாக அழைத்தனர். கட்டளைகளை எழுதுவோர்க்குச் சமைத்த நிலை போதும். திரை முழுவதையும் ஆளும் பத்திராதிபர் கருவிகள், விளையாட்டுகள், ஒரு சாவிக்காகக் காத்திருக்கும் நமது சிறு செய்நிரல் ஆகியவற்றுக்கோ பச்சை நிலையே வேண்டும். எந்நிலை வேண்டும் என்பதைச் செய்நிரல் கருவுக்கு எவ்வாறு தெரிவிப்பது? இங்கேதான் குலம் பிரிந்தது.

1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இதற்கு ஒரு சிறு பட்டியல் இருந்தது. உள்வரும் வேகம், வெளிச்செல்லும் வேகம், எழுத்தை அழிக்கும் குறி, வரியை அழிக்கும் குறி, நிலைகளைக் காட்டும் கொடிகள் ஆகிய ஐந்தே உறுப்புகள் அதிலிருந்தன. பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் இதனை அடிப்படையாகக் கொண்டு தமது யூனிக்ஸை வளர்த்தனர். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை ஒரு சாவியால் இடைநிறுத்திப் பின்னர் தொடரும் வசதியை அவர்கள் 1980இல் வெளியிட்ட பதிப்பிலே காணலாம். பழைய பட்டியலைக் கைவிடாது, புதிய வசதிகளுக்கெனத் தனிப் பட்டியல்களை அவர்கள் சேர்த்துக்கொண்டனர்.

யூனிக்ஸின் தாயகமாகிய ஏ.டி. அன்ட் டி. நிறுவனமோ வேறு வழியிற் சென்றது. 1980களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட 'சிஸ்டம் மூன்று', 1983இல் வெளியிட்ட 'சிஸ்டம் ஐந்து' ஆகியவற்றில் பழைய பட்டியல் நீக்கப்பட்டு, 'டெர்மியோ' என்னும் புதிய பட்டியல் இடம்பெற்றது. உள்வருகை, வெளிச்செல்கை, இணைப்பு, உள்ளகச் செயல் என நான்கு வகைக் கொடிகள் அதிலே தனித்தனியே வகுக்கப்பட்டன. அவற்றோடு, சிறப்புக் குறிகளை வைப்பதற்கு 8 அறைகள் கொண்ட ஒரு வரிசையும் அமைந்தது. அமைப்பு ஒழுங்கானதே. ஆயினும் பேர்க்கிலிக்கென எழுதிய நிரலை இங்கே தொகுக்கவும் இயலாது. இங்கே எழுதியதை அங்கே தொகுக்கவும் இயலாது. ஒரே நாற்றை இரண்டு வயல்களில் நடவேண்டியவர், அக்காலத்தில் ஒவ்வொரு வேலையையும் இருமுறை எழுத நேர்ந்தது.

இனிப் புதிருக்கு வருவோம். அந்த 8 அறைகளிலே, சுழியத்திலிருந்து எண்ணினால், 4ஆம் எண்ணுடைய அறை உள்ளீட்டின் முடிவுக்குறிக்கு உரியது. "இனி என்னிடமிருந்து எதுவும் வராது" என்று மனிதன் கணினிக்குக் கூறும் குறி அது. வழக்கமாகக் கட்டுப்பாட்டுச் சாவியோடு 'டி' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் அக்குறி பிறக்கும். 'டி' ஆங்கில நெடுங்கணக்கில் நான்காவது எழுத்து. ஆகையால் அக்குறியின் எண்மதிப்பும் 4.

முடிவுக்குறி சமைத்த நிலைக்கு மட்டுமே வேண்டியது. பச்சை நிலையில் அதற்கு வேலையில்லை. ஆனால் பச்சை நிலைக்கு வேறொரு செய்தி தேவை: குறைந்தது எத்தனை எழுத்துகள் வந்த பின் செய்நிரலிடம் ஒப்படைப்பது என்பதே அது. டெர்மியோவை வகுத்தோர், ஒரு நிலையில் வெறுமையாகக் கிடக்கும் அறையை மற்ற நிலையிற் பயன்படுத்திக்கொண்டனர். அதாவது, 4ஆம் அறையில் உள்ள எண், சமைத்த நிலையில் முடிவுக்குறியாகவும் பச்சை நிலையில் எழுத்துகளின் குறைந்த தொகையாகவும் கொள்ளப்பட்டது. பகலில் வகுப்பறையாகவும் இரவில் கூட்ட மண்டபமாகவும் பயன்படும் ஓர் அறையைப் போன்றது இது.

நமது செய்நிரல் செய்தது யாது? பச்சை நிலைக்கு மாறுமாறு மட்டுமே கருவிடம் கூறிற்று. குறைந்த தொகை எவ்வளவு என்பதைக் கூறவில்லை. டெர்மியோவின் வழிவந்த சொலாரிஸில் அந்த அறையில் ஏற்கெனவே கிடந்தது முடிவுக்குறியாகிய 4. கரு அதனைத் தொகையெனக் கொண்டு, நான்கு எழுத்துகள் வரும்வரை காத்திருந்தது. லினக்ஸிலோ முடிவுக்குறிக்கு 4ஆம் அறையும், குறைந்த தொகைக்கு 6ஆம் அறையும் தனித்தனியே உள்ளன. பின்னதில் தொடக்கத்திலேயே 1 என்னும் எண் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அங்கே ஒரு சாவி போதுமாயிற்று. பேர்க்கிலி வழிவந்த பிரீ-பி.எஸ்.டி. முறைமையில் முடிவுக்குறி சுழிய எண்ணுடைய அறையிலும், குறைந்த தொகை 16ஆம் அறையிலும் உள்ளன. புதிரின் விடை இவ்வளவே.

இதன் மறுபுறமும் உண்டு. ஒருவர் விழிப்போடு அந்த அறையில் 1 என்று எழுதிப் பச்சை நிலைக்கு மாறுகின்றார். வேலை முடிந்ததும், பழைய பட்டியலை மீட்டு வையாது, நிலையைக் காட்டும் கொடியை மட்டும் திருப்பிச் சமைத்த நிலைக்கு மீள்கின்றார். சொலாரிஸிலே அப்பொழுது முடிவுக்குறி 1 ஆகிவிடுகின்றது. அதன்பின் கட்டுப்பாட்டுச் சாவியோடு 'டி'யை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை; 'ஏ'யை அழுத்தினாலே முடிவு என்று பொருளாகின்றது. குற்றம் செய்த செய்நிரல் அப்பொழுது ஓய்ந்துபோயிருக்கும். அதன் பின்வரும் செய்நிரலே பழியைச் சுமக்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க நியமம் எதுவும் எழவில்லையா என்று நேயர்கள் வினவலாம். எழுந்தது. 1988இல் மின், மின்னணுப் பொறியியலாளரின் உலகச் சங்கம் 'போசிக்ஸ்' என்னும் நியமத்தை வெளியிட்டது. முனையத்துக்கென 'டெர்மியோஸ்' என்னும் பொதுப் பட்டியலும், அதனைப் படிப்பதற்கும் மாற்றுவதற்கும் பொதுவான அழைப்புகளும் அதில் வகுக்கப்பட்டன. பேர்க்கிலியின் இடைநிறுத்த வசதியும் டெர்மியோவின் கொடி வகைகளும் அதிலே ஒன்றுசேர்ந்தன. இன்று ஒரே நிரலை எங்கும் தொகுக்க முடிவது இந்நியமத்தின் பயனேயாகும்.

ஆயினும் நியமம் என்பது உடன்படிக்கை; உடன்படிக்கையில் விட்டுக்கொடுப்பும் இருக்கும். ஏற்கெனவே பயன்பாட்டிலிருந்த முறைமைகளை முறித்துவிடாமல், அவ்வறைகளைப் பகிர்ந்துகொள்வதற்கு நியமம் வெளிப்படையாகவே இடமளிக்கின்றது. ஆதலால் சொலாரிஸும் நியமத்தை மீறவில்லை, லினக்ஸும் மீறவில்லை. நியமம் வாக்களிக்காத ஒன்றை எதிர்பார்த்த செய்நிரலே தவறியது. திரையின் அகலமும் உயரமும் எவ்வளவு என்று கேட்டறியும் பொது அழைப்பு, நியமத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்க்கப்பட்டது. அதுவரை ஏறத்தாழ எல்லா முறைமைகளும் ஒரேவகையான அழைப்பை வழங்கினும், அது வழக்கமேயன்றி விதியன்று.

இதுவரை கூறியவை மனிதனிடமிருந்து கணினிக்கு வரும் பாதையைப் பற்றியன. திரும்பிச் செல்லும் பாதையிலும் இதே சிக்கல் இருந்தது. கடதாசிக்குப் பதிலாகக் கண்ணாடித் திரை வந்தபோது, எழுத்தைத் திரையின் எவ்விடத்திலும் இட முடிந்தது. ஆனால் இடத்தைக் குறிக்கும் முறை முனையத்துக்கு முனையம் வேறுபட்டது. 1976இல் வெளிவந்த ஏ.டி.எம். 3ஏ முனையத்திலே 5ஆம் வரியின் 10ஆம் இடத்துக்குச் செல்லவேண்டுமானால், விடுபடு குறி, சமக்குறி, டொலர் குறி, வலப்பக்க அடைப்புக்குறி ஆகிய நான்கையும் அனுப்ப வேண்டும். 1978இல் வந்த வி.டி. 100 முனையத்திலோ, விடுபடு குறியும் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியும் அனுப்பி, 5, அரைப்புள்ளி, 10 என்பவற்றை எழுதி, 'எச்' என்னும் ஆங்கில எழுத்தால் முடிக்க வேண்டும். ஒன்றின் மொழியை மற்றதற்கு அனுப்பினால் திரையில் குப்பைதான் தோன்றும்.

பேர்க்கிலியில் பில் ஜோய் என்பவர் 1978இல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார். முனையங்களின் மொழிகளைச் செய்நிரலுக்குள் எழுதாது, 'டெர்ம்கப்' என்னும் தனிக் கோப்பிலே அகராதிபோலத் தொகுத்து வைத்தார். "இம்முனையத்தில் திரையைத் துடைப்பது எவ்வாறு? இடம் மாறுவது எவ்வாறு?" என்று செய்நிரல் அவ்வகராதியைப் பார்த்து அறிந்துகொள்ளும். புதிய முனையம் ஒன்று வந்தால் அகராதியில் ஒரு பதிவைச் சேர்த்தால் போதும், செய்நிரலைத் தொடவேண்டியதில்லை. ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் பின்னர் 'டெர்மின்போ' என்னும் வேறோர் அகராதியை வெளியிட்டது. அகராதிகளும் இரண்டாயின! ஆயினும் பெயரைக் கொண்டு ஊகியாது, திறனைக் கேட்டு அறிக என்னும் நெறி இதனால் நிலைபெற்றது.

பெயரை நம்புதல் எவ்வளவு இடர் தருவது என்பதற்கு ஒரு சான்று. சன் நிறுவனத்தின் 'சன் ஓ.எஸ்.' முறைமையின் நான்காம் வரிசை பேர்க்கிலி மரபில் வந்தது. 1992இல் வெளிவந்த சொலாரிஸின் உள்ளே இருந்த ஐந்தாம் வரிசையோ சிஸ்டம் ஐந்து மரபில் வந்தது. கணினியிடம் "உன் பெயர் யாது?" என்று கேட்டால் இரண்டும் 'சன் ஓ.எஸ்.' என்றே விடை கூறும். பெயரை மட்டும் பார்த்துக் கிளைபிரித்த நிரல்கள் தவறான கிளையில் ஏறின. 1991இல் தோன்றிய 'ஓட்டோகொன்ப்' போன்ற கருவிகள், ஒரு வசதி இருக்கின்றதா என்பதைச் சிறு சோதனை நிரலைத் தொகுத்துப் பார்த்தே முடிவு செய்தமைக்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இவற்றிலிருந்து, நிரலைப் பெயர்த்து நடுவோர் கைக்கொள்ளத்தக்க சில விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, முனையத்தோடுதான் பேசுகின்றோமா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். உள்ளீடு ஒரு கோப்பிலிருந்தும் வரலாம். அங்கே சாவியும் இல்லை, திரையும் இல்லை.

இரண்டாவதாக, மாற்றுவதற்கு முன் பட்டியல் முழுவதையும் படித்துப் பத்திரப்படுத்துதல் வேண்டும். அதன் பிரதியிலேயே மாற்றங்களைச் செய்து, வேலை முடிந்ததும் முதலிற் பெற்றதை அவ்வாறே திருப்பி வைத்தல் வேண்டும். இரவல் வாங்கிய பொருளை வாங்கியவாறே கொடுப்பது போன்றதே இதுவும். செய்நிரல் இடையில் நிறுத்தப்படும்போதும், எதிர்பாராது முடியும்போதும் இக்கடமை நீங்குவதில்லை.

மூன்றாவதாக, வேண்டிய ஒவ்வொன்றையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். பச்சை நிலைக்குச் செல்பவர் குறைந்த தொகை 1 என்றும், காத்திருக்கும் நேரம் சுழியம் என்றும் தாமே எழுதிவிடின், நாம் கூறிய புதிர் எந்த முறைமையிலும் எழாது.

நான்காவதாக, செய்த மாற்றம் நிறைவேறியதா என்று மீண்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். கேட்ட மாற்றங்களுள் ஒன்று நிறைவேறினும் அழைப்பு வெற்றியென்றே விடை கூறலாம் என்பது போசிக்ஸின் விதி. இது சிறு செய்தியன்று. கடவுச்சொல்லைக் கேட்கும் செய்நிரல், எழுத்துகள் திரையில் தோன்றாதவாறு முதலிலே தடுக்கின்றது. அத்தடை நிறைவேறாதிருப்பின், இரகசியமாக வேண்டிய சொல் அருகில் நிற்போர் அனைவருக்கும் புலனாகும். மாறாக, தடையை நீக்காமலே செய்நிரல் முடிந்துவிடின், பின்னர் எழுதும் எதுவும் திரையில் தோன்றாது. அந்நிலையில் அகப்பட்டோர், கட்டுப்பாட்டுச் சாவியோடு 'ஜே'யை அழுத்தி, 'எஸ்.டி.டி.வை. சேன்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் அடித்து, மீண்டும் 'ஜே'யை அவ்வாறே அழுத்தினால் பெரும்பாலும் மீளலாம். வரி முடிக்கும் சாவி வேலை செய்யாத பச்சை நிலையிலும் 'ஜே' வரியை முடிக்கும் குறியாகவே சென்றடையும்.

இப்பொருள் தமிழ் எழுதுவோரையும் நேரே தொடுகின்றது. முனையத்தின் விதிகள் வகுக்கப்பட்ட காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைற்று என்பதே கணக்கு. இன்று பெருவழக்காயுள்ள யூ.டி.எப். 8 முறையில், ஒருங்குறியின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்றுகளைக் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். பைற்றுக் கணக்கில் 15.

பழைய விதிப்படி இயங்கும் கரு, அழிக்கும் சாவியை ஒருமுறை அழுத்தினால் ஒரு பைற்றை மட்டுமே நீக்கும். திரையிலே சொல் மறைந்துவிட்டது போலத் தோன்றினும், உள்ளே உடைந்த பைற்றுகள் எஞ்சியிருக்கலாம். ஒருவர் தம் பெயரைத் திருத்தி எழுதினார் என்று எண்ணியிருக்க, பதிவேட்டிலோ சிதைந்த பெயர் ஏறிவிடக்கூடும். 2004இல் லினக்ஸ் தன் கருவில் இதற்கெனத் தனிக் கொடி ஒன்றைச் சேர்த்தது. அக்கொடி உயர்ந்திருப்பின் பைற்று பைற்றாக அன்றி, குறி குறியாக அழியும். அப்பொழுதும் 'தமிழ்' என்பதை நீக்க மூன்று அழுத்தங்கள் போதா, ஐந்து வேண்டும். மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாகும் நம் மரபைக் கரு அறியாது. மேலும், அக்கொடி எல்லா முறைமைகளிலும் இருக்குமென எண்ணுவதும் முன்னர்க் கூறிய தவறேயாகும். இருக்கின்றதா என வினவி, இல்லையெனின் வரியைத் திருத்தும் பொறுப்பைச் செய்நிரலே ஏற்றல் வேண்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் பழமொழி. மனிதரிடையே அது பலவேளைகளில் பொருந்தும். நிரல் எழுதும் தொழிலிலோ அது பொருந்துவதில்லை. நாம் கூறாது விட்ட இடத்தில் நமது சம்மதம் இல்லை. முன்னொருவர் விட்டுச்சென்ற எண்ணே அங்கு கிடக்கின்றது. ஒரு முறைமையில் அது 1 ஆகவும், மற்றொன்றில் அது 4 ஆகவும் இருக்கலாம். தன் நிலத்தில் மட்டும் விளைந்ததைக் கண்டு, எல்லா நிலத்துக்கும் இதுவே இயல்பு என்று கொள்ளாதவனே நல்ல உழவன். அதுபோல, தன் கணினியில் நடைபெற்றதனால் மட்டும் நிரல் சரியானது என்று கொள்ளாது, எதனை நம்பி எழுதினோம் என்பதை வரிதோறும் கேட்டுப் பார்ப்பவரே பெயர்த்து நடும் கலையில் தேர்ந்தவராவர்.